பர்ஸ் காலியாகாமல் 'காலி' போவது எப்படி? ரிசார்ட் லீவுல ஒரு நாள் பயணத்தின் உண்மையான கணக்கு



பீச் ரிசார்ட் பட்ஜெட் பற்றி நம்ம சேனல்ல பேசும்போதெல்லாம் ஒரே கேள்வி வேற வேற வடிவத்துல வருது. "ஒரு நாளைக்கு இவ்வளவு வாடகை கொடுத்து ரிசார்ட்ல ரூம் எடுத்திருக்கோம். அதை விட்டுட்டு வெளியே சுத்தப் போனா அந்த வாடகை வீண்தானே?"

கேட்க நியாயமா இருக்கு. ஆனா கணக்குப்படி இது தப்பான கேள்வி. இந்தத் தப்பு ரிசார்ட்டோட நிக்கிறதில்ல. இன்சூரன்ஸ் பாலிசியில, வாங்கி வெச்ச ஷேர்ல, பாதியில நிக்கிற ஆன்லைன் கோர்ஸ்ல எல்லாம் இதே தப்பைத்தான் பண்றோம். அதனால இன்னைக்கு ஒரு குடும்பத்தோட ஒரே ஒரு நாளை எடுத்து வரிக்கு வரி கணக்கு போடலாம்.

நமக்குப் பக்கத்துல இருக்கிற இலங்கையையே எடுத்துக்கறேன். தென்மேற்குக் கடற்கரையில பெந்தோட்டைன்னு ஒரு ஊர். கொழும்புல இருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர். வரிசையா பீச் ரிசார்ட்டுகள். அங்கிருந்து இன்னும் 55 கிலோமீட்டர் போல தெற்கே போனா காலி. நம்ம ஒரு நாள் பயணம் பெந்தோட்டையில இருந்து காலிக்கு.

முதல்ல நம்ம குடும்பம்

நீங்க, உங்க துணை, 6 வயசுக் குழந்தை, அப்பா, அம்மா. மொத்தம் 5 பேர். 4 ராத்திரி, 5 பகல். கீழே இருக்கிற தொகைகள் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டவை, எல்லாமே இந்திய ரூபாயில. உங்க சீசன், உங்க ரிசார்ட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

- விமான டிக்கெட்: 5 பேர் × 15,000 = 75,000
- ரிசார்ட்: 2 ரூம் × 4 ராத்திரி × 11,000 = 88,000 (காலை உணவும் இரவு உணவும் சேர்த்து)
- ஏர்போர்ட் கார், போக வர: 9,000
- மொத்தம்: 1,72,000

ரிசார்ட் 88,000. நாலால வகுத்தா ஒரு நாளைக்கு 22,000. இங்கதான் மனசு ஒரு வேலை பண்ணும். "காலி போய்ட்டு வர 15,000 ஆகும். அன்னைக்கு ரூமும் சும்மா கிடக்கும், அது 22,000. ஆக இந்த ஒரு நாள் நமக்கு 37,000 ரூபாய். வேண்டாம்ப்பா, நீச்சல் குளத்துலயே இருப்போம்."

இந்த 37,000 நிஜமில்லை. ஏன்னு பாருங்க.

போன காசு எந்தப் பக்கமும் வராது

ஒரு முடிவு எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த முடிவால எந்தத் தொகை மாறுது?

நீங்க காலி போனாலும் 22,000 போயிடுச்சு. போகாம குளத்துலயே இருந்தாலும் 22,000 போயிடுச்சு. ரெண்டு பக்கமும் ஒரே தொகை இருந்தா அதை ரெண்டு பக்கமும் அடிச்சு விட்டுடலாம். காஸ்ட் அக்கவுண்டிங்ல இதுக்கு மூழ்கிய செலவுன்னு பேர். திரும்ப எடுக்க முடியாத, எந்த முடிவாலயும் மாறாத செலவு.

இன்னொண்ணும் கவனிங்க. வீணாகுதுன்னு சொல்ற அந்த 22,000-க்குள்ள என்னென்ன இருக்கு? ராத்திரி தூங்கற படுக்கை, காலை உணவு, இரவு உணவு. காலையில சாப்பிட்டுட்டுக் கிளம்பி, ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தா இது மூணுமே உங்களுக்குக் கிடைச்சுடுது. நீங்க விட்டுக்கொடுக்கிறது பகல்ல பத்துப் பன்னிரண்டு மணி நேரக் குளமும் மணலும் மட்டும்தான்.

அந்த விட்டுக்கொடுக்கிறதுக்கு மதிப்பு இல்லையா? இருக்கு. ஆனா அது 22,000 இல்லை. முதல் பரோட்டா தேவாமிர்தம், மூணாவது பரோட்டா சரி, அஞ்சாவது தண்டனை. கடற்கரையும் அப்படித்தான். 4 ராத்திரி தங்கினா நடுவுல முழுசா 3 நாள் கிடைக்கும். முதல் நாள் கடல் வேற, மூணாவது நாள் அதே கடல் வேற. அப்பா அம்மாவுக்கு ரெண்டாவது நாள் மத்தியானமே "அடுத்து என்னப்பா?"ன்னு ஆயிடும்.

இதுல பருவமும் சேரும். இலங்கையோட தென்மேற்குக் கரையில பொதுவா டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் அமைதியா இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அலை பெரிசு, சிவப்புக் கொடி நட்டு கடல்ல இறங்காதேன்னு சொல்ற நாள் நிறைய. விலை குறைவுன்னு ஜூன்ல போறீங்கன்னா ரிசார்ட்ல உட்கார்ற ஒரு நாளோட மதிப்பு இன்னும் குறையும்.

புதுசா போகிற காசு எவ்வளவு? மூணு வழி

இப்போ உண்மையான கணக்கு. முதல்ல ஒரு விஷயம்: ரிசார்ட்லயே இருந்தாலும் அன்னைக்கு செலவு உண்டு. நம்ம பிளான்ல மத்தியானச் சாப்பாடு சேராது. ரிசார்ட் ரெஸ்டாரன்ட்ல ஒருத்தருக்கு 1,000-னு வெச்சா 5 பேருக்கு 5,000. வெளியே போனா இந்த 5,000 மிச்சம். அதை மறக்காம கழிக்கணும்.

வழி 1: ரிசார்ட் டூர் டெஸ்க்
- பெரியவர்கள் 4 × 4,000 = 16,000
- குழந்தைக்குப் பாதி = 2,000
- டிப்ஸ் = 500
- மொத்தம் 18,500 (வேன், வழிகாட்டி, படகு, மத்தியானச் சாப்பாடு உட்பட)
- ரிசார்ட் சாப்பாடு மிச்சம் 5,000 கழிச்சா கூடுதல் செலவு: 13,500

வழி 2: டிரைவரோட ஒரு நாள் வேன்
- வேன் 7,500, டிப்ஸ் 500
- மாது கங்கை படகு 3,000
- வெளியே மத்தியானச் சாப்பாடு 5 × 600 = 3,000
- டீ, இளநீர், சின்னச் சின்ன டிக்கெட் 1,000
- மொத்தம் 15,000
- 5,000 கழிச்சா கூடுதல் செலவு: 10,000

வழி 3: ரயில்
- ரயில் டிக்கெட், போக வர, 5 பேருக்கு 600
- ரெண்டு ஊர்லயும் ஆட்டோ 1,400
- மத்தியானச் சாப்பாடு 3,000
- டீ, இளநீர் 1,000
- மொத்தம் 6,000
- 5,000 கழிச்சா கூடுதல் செலவு: 1,000

நல்லா பாருங்க. மனசு சொன்னது 37,000. நிஜம் 1,000-ல இருந்து 13,500 வரை. அந்த 37,000-ஐ நம்பி எத்தனை குடும்பம் ஊரைப் பார்க்காமலே திரும்பி வந்திருக்கும்!

மூணுல எது? மலிவானது இல்லை, பொருந்தறது

இங்க நிறைய பேர் "அப்போ ரயில்தான் சார்"னு முடிவு பண்ணுவீங்க. கொஞ்சம் பொறுங்க.

வேனுக்கும் ரயிலுக்கும் வித்தியாசம் 9,000. அதுல 3,000 படகு. அது தனி சந்தோஷம், தனியா முடிவு பண்ணலாம். மீதி 6,000-தான் வண்டியோட விலை. அதுக்கு என்ன கிடைக்குது? ஸ்டேஷன் படிக்கட்டு இல்லை, கூட்டத்துல நிக்க வேண்டாம், குழந்தை தூங்கினா தூங்கட்டும், அம்மாவுக்கு வேணுங்கற இடத்துல நிறுத்தி பாத்ரூம் போகலாம். அப்பாவுக்கு முழங்கால் வலின்னா 6,000 மலிவு. நீங்களும் துணையும் மட்டும் போறீங்கன்னா அதே 6,000 அனாவசியம்.

ரயிலுக்கும் ஒரு பெருமை உண்டு. கொழும்புல இருந்து தெற்கே போற கடலோர ரயில் பாதை பல இடங்கள்ல கடலை ஒட்டியே போகுது. பெந்தோட்டைக்கு ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கு. ஆனா நிறைய ரயில் நிக்கிறது ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அளுத்கம ஸ்டேஷன்ல. காலிக்குப் போகும்போது வலது பக்க ஜன்னல் பிடிங்க, கடல் அந்தப் பக்கம்தான். ஸ்டேஷன் பேர்ப் பலகையில சிங்களம், இங்கிலீஷோட தமிழும் இருக்கும். குழந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நல்ல வேலை.

எனக்குப் பிடிச்சது ரெண்டையும் கலக்கறது. காலையில எல்லாரும் ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது ரயில்ல போறது, சாயங்காலம் களைச்சுப் போனதும் கார்ல திரும்பறது. ரயில் 300, ஆட்டோ 700, திரும்பும் கார் 4,000, சாப்பாடு 3,000, டீ 1,000. மொத்தம் 9,000, அதுல 5,000 கழிச்சா கூடுதல் 4,000. பிக்மீ, ஊபர் ரெண்டு ஆப்பும் அங்க ஓடுது. டிரைவர் சொல்ற விலை சரியான்னு ஒப்பிட்டுப் பார்க்கவாவது ஆப்பைத் திறந்து பாருங்க.

அந்த நாள்ல என்ன கிடைக்குது?

செலவுப் பக்கத்தை மட்டும் பார்த்தா அது பாதி கணக்குதான். வரவுப் பக்கமும் பார்க்கணும்.

வழியில கொஸ்கொட. கடலாமைகள் முட்டை போட வர்ற கடற்கரை, ஆமைப் பாதுகாப்பு மையங்கள் இருக்கு. குஞ்சுகளைக் கையில கொடுத்து போட்டோ எடுக்கச் சொல்ற இடத்தை விட, தொடாம பார்க்கச் சொல்ற இடத்தைத் தேர்ந்தெடுங்க. அடுத்து பலப்பிட்டிய. அங்கதான் மாது கங்கைப் படகு. அலையாத்திக் காடு, நடுநடுவுல குட்டித் தீவுகள். 2003-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த சதுப்பு நிலம் இது. படகு வாடகை பெரும்பாலும் பேரம்தான். தலைக்கு இவ்வளவா, படகுக்கு இவ்வளவா, எத்தனை மணி நேரம்னு ஏறறதுக்கு முன்னாடியே கேளுங்க. அப்புறம் அம்பலாங்கொடை, மர முகமூடிகளுக்குப் பேர் போன ஊர்.

ஹிக்கடுவைக்குக் கொஞ்சம் முன்னாடி பெரலிய கிராமம். 2004 டிசம்பர் 26 சுனாமியில ஒரு பயணிகள் ரயிலே அலையில சிக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க இறந்த இடம். இப்போ அங்க நினைவிடம் இருக்கு. நாகப்பட்டினமும் கடலூரும் அதே நாள்ல என்ன பட்டதுன்னு நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்து நிமிஷம் நின்னு போகலாம். இதுக்கு டிக்கெட்டும் கிடையாது, விலையும் போட முடியாது.

கடைசியா காலிக் கோட்டை. போர்த்துக்கீசியர் ஆரம்பிச்சாங்க. 1640-ல டச்சுக்காரங்க பிடிச்சு இப்போ நாம பார்க்கிற பெரிய கல் மதிலாக் கட்டினாங்க. 1796-ல ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. 1988-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். சுனாமி அன்னைக்கு இந்த மதில்தான் உள்ளே இருந்த பழைய ஊரைப் பெருமளவு காப்பாத்துச்சு. 1755-ல கட்டின டச்சுத் தேவாலயம் இன்னும் நிக்குது. இது வெறும் நினைவுச்சின்னம் இல்லை, உள்ளே மக்கள் வாழற ஊர். வீடு, பள்ளிவாசல், பள்ளிக்கூடம், கடை எல்லாம் இருக்கு. மதில் மேல நடக்கக் கட்டணம் கிடையாது. மதில் மேல நிழல் குறைவு, அதனால மத்தியானம் பெரியவங்களை அங்க ஏத்தாதீங்க. சாப்பிட்டு, தெருக்களைச் சுத்திப் பார்த்துட்டு நாலரை மணிக்கு மேல ஏறுங்க.

தமிழருக்கு இந்த ஊர்ல ஒரு சொந்தமும் உண்டு. 1911-ல காலியில ஒரு கல்வெட்டு கிடைச்சது. 1409-ஆம் ஆண்டு தேதியிட்டது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. அதுல மூணு மொழி: சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரைப் போற்றி, கொடுத்த காணிக்கைகளை வரிசையாப் பட்டியல் போடுது. என் தொழில் புத்திக்கு அது அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வவுச்சர் மாதிரிதான் தெரியுது! அந்தக் கல் இப்போ கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. ஆனா ஆறு நூற்றாண்டுக்கு முன்னாடி இந்தத் துறைமுகத்துல தமிழ் வியாபார மொழியா புழங்கின அளவு என்னன்னு மதில் மேல நின்னு குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

காசு ஒழுகும் அஞ்சு ஓட்டைகள்

1. ராத்திரிச் சாப்பாட்டு நேரம். ரிசார்ட்டில் பஃபே எத்தனை மணிக்கு முடியும்னு காலையிலேயே கேட்டுக்கோங்க. காலியில சூரியன் மறைய ஆறரை மணி ஆயிடும், திரும்ப ஒன்றரை மணி நேரமாவது ஆகும். லேட்டாகி வெளியே சாப்பிட்டா இன்னொரு 3,000. ஏற்கெனவே காசு கொடுத்த சாப்பாட்டுக்கு ரெண்டாவது தடவை கொடுக்கிறீங்க.

2. மெனுவில் ரெண்டு கூட்டல் குறி. விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் இருந்தா, மேல சேவைக் கட்டணமும் வரியும் தனின்னு அர்த்தம். அங்க சேவைக் கட்டணம் வழக்கமா 10%, வாட் வரி 2024 ஜனவரியில இருந்து 18%. ரெண்டும் சேர்ந்தா பில் கிட்டத்தட்ட 30% கூடும். டூர் டெஸ்க் விலைக்கும் இதையே கேளுங்க: "எல்லாம் சேர்த்தா, இல்லை மேல வருமா?"

3. கார்டு மெஷின் கேட்கிற கேள்வி. "இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா?"ன்னு திரையில வரும். எப்பவும் இலங்கை ரூபாய். இந்திய ரூபாயைத் தொட்டா அந்த மெஷின்காரங்க வெச்ச மாற்று விகிதத்துல உங்க காசு போகும், அது உங்களுக்குச் சாதகமா இருக்காது.

4. கார்டு மார்க்-அப். நிறைய கிரெடிட் கார்டுக்கு வெளிநாட்டுச் செலவுல 3.5% வரை மார்க்-அப், அதுமேல 18% ஜிஎஸ்டி. சேர்த்தா 4.13%. 15,000 ரூபாய்க்கு சுமார் 620. கட்டணம் குறைவான ஃபாரெக்ஸ் கார்டு இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க. 2024 பிப்ரவரியில இருந்து இலங்கையில யுபிஐ-யும் வந்திருக்கு. உங்க ஆப்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் பண்ணி வையுங்க, கட்டும் முன்னாடி திரையில காட்டற மாற்று விகிதத்தைப் பாருங்க. ஆனா படகுக்காரருக்கும் இளநீர்க் கடைக்கும் ரொக்கம் வேணும்.

5. வழியில் வைக்கிற நிறுத்தங்கள். மசாலாத் தோட்டம், ரத்தினக் கடை, சந்திரகாந்தக் கல் சுரங்கம். சில வண்டிக்காரங்களுக்கு இங்கெல்லாம் கமிஷன் உண்டு. வாடகை பேசும்போதே "எங்கெங்க நிப்போம், டோல், பார்க்கிங் யார் கட்டணும், எத்தனை மணி வரைக்கும், எத்தனை கிலோமீட்டர்"னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கோங்க. வாய் வார்த்தை சாயங்காலத்துக்குள்ள மாறிடும்.

இன்னொரு சின்னக் குறிப்பு: பௌர்ணமி அன்னைக்கு அங்க 'போயா' விடுமுறை, மாசா மாசம் வரும். ரயிலும் ரோடும் கூட்டமா இருக்கும். காலண்டர் பார்த்து நாள் குறிங்க.

'ஆல் இன்க்ளூசிவ்' எடுத்தா கணக்கு எப்படி மாறும்?

மூணு வேளையும் சேர்த்துக் கட்டியிருந்தா, வெளியே போனதால அந்த 5,000 மிச்சமாகாது. ஏன்னா ரிசார்ட்ல மத்தியானம் சாப்பிட்டாலும் புதுசா காசு போகப்போறதில்லை. அப்போ மூணு வழியோட கூடுதல் செலவு 18,500, 15,000, 6,000.

இதுலதான் முக்கியமான பாடம் இருக்கு. மூழ்கிய செலவை மறக்கச் சொன்னேன், சரி. ஆனா அது மூழ்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி இருக்கு பாருங்க, 'பே' பட்டனை அழுத்தறதுக்கு முந்தைய நொடி. அப்போ அது முழுக்க உங்க கையில இருக்கிற காசு. வெளியே சுத்தற எண்ணம் இருந்தா காலை, இரவு உணவு மட்டும் இருக்கிற பிளான் போதும். புக்கிங் நேரத்துல யோசிங்க, புக் பண்ணின பிறகு வருத்தப்படாதீங்க. ஏற்கெனவே மூணு வேளையும் எடுத்துட்டீங்கன்னா, முந்தின நாள் சாயங்காலமே ரிசப்ஷன்ல பார்சல் சாப்பாடு கேட்டுப் பாருங்க. பல ரிசார்ட்ல கட்டிக் கொடுப்பாங்க.

இதே கத்தி எதிர்ப்பக்கமும் வெட்டும்

டூருக்கு 18,000 முன்கூட்டியே கட்டியாச்சு. காலையில குழந்தைக்குக் காய்ச்சல். "காசு கட்டிட்டோமே"ன்னு வேன்ல ஏத்தாதீங்க. அந்த 18,000 போனாலும் போச்சு, போகாட்டியும் போச்சு. இப்போ இருக்கிற ஒரே கேள்வி: காய்ச்சல் குழந்தை பத்து மணி நேரம் வெயில்ல இருக்கணுமா, ஏசி ரூம்ல படுத்திருக்கணுமா? பதில் தெரிஞ்சதுதான். இதுக்குத்தான் எத்தனை மணி வரைக்கும் இலவசமா ரத்து பண்ணலாம்னு முதல்லயே கேட்கச் சொல்றது. கூடுமானவரை முந்தின நாள் சாயங்காலம் பணம் கட்டுங்க, ஒரு மாசத்துக்கு முன்னாடி வேண்டாம்.

அதே மாதிரி, "ஏற்கெனவே 1,72,000 போயிடுச்சு, இன்னும் ஒரு 10,000-ல என்ன ஆயிடும்"கிறதும் அதே தப்போட இன்னொரு முகம். இந்த 10,000 மூழ்கிய செலவு இல்லை, பச்சையான புதுக் காசு. அது உங்க டிரிப் ஃபண்ட்ல இருந்தா தாராளமாப் போங்க. கிரெடிட் கார்டுல தேய்ச்சு குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டப் போறீங்கன்னா, மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%. அந்த நிலைமையில ரயில்ல போங்க. 1,000 ரூபாய்ல அதே கோட்டை, அதே சூரியன்.

சம்பளக்காரங்களுக்கு மூணு வரிக் குறிப்பு

ஒண்ணு, எல்டிஏ. இது இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில மட்டும். இலங்கைப் பயணத்துக்கு வராது. இந்தியாவுலயே கோவளம் ரிசார்ட் போனாலும் ஊர் போய்ச் சேர்ற டிக்கெட்தான் கணக்கு. ரூம் வாடகை, சாப்பாடு, ஒரு நாள் சுத்தற டாக்ஸி எதுவும் சேராது.

ரெண்டு, டிசிஎஸ். இந்திய ஏஜென்ட்கிட்ட டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சேர்த்து வெளிநாட்டுப் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. 2025-26 நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் 5%. நம்ம 1,72,000-க்கு 8,600. நீங்க வாங்கற வருஷத்தோட விகிதத்தை இன்வாய்ஸ்ல பாருங்க. டிக்கெட் தனியா, ஹோட்டல் தனியா நீங்களே புக் பண்ணினா அது பேக்கேஜ் கணக்குல வராது.

மூணு, பிடிச்ச டிசிஎஸ் செலவு இல்லை, முன்கூட்டிக் கட்டின வரி. 2024 அக்டோபர்ல இருந்து இதை ஆபீஸ்ல சொல்லி, சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்-ஸைக் குறைச்சுக்க வழி வந்திருக்கு. 12பிஏஏ படிவம் வந்ததே அதுக்காகத்தான். சொல்லாம விட்டா ரிட்டர்ன் போடும்போது எடுத்துக்கலாம். ரெண்டையும் விட்டுட்டு 8,600-ஐ மறந்துட்டீங்கன்னா, அது நிஜமாவே வீணான காசு.

காலியில கத்துக்கிட்டதை வீட்டுக்குக் கொண்டு வாங்க

வருஷம் 50,000 பிரீமியம், மூணு வருஷம் கட்டின ஒரு எண்டோவ்மென்ட் பாலிசி. வருமானம் குறைவுன்னு தெரியுது. ஆனா "1,50,000 கட்டிட்டேனே, எப்படி விடறது?" ரிசார்ட் ரூம் 22,000-மும் இந்த 1,50,000-மும் ஒரே ஜாதி. விட்டாலும் தொடர்ந்தாலும் அது போன காசு.

இன்னைக்குத் தேதியில நின்னு ரெண்டு பக்கம் எழுதுங்க. தொடர்ந்தா: இனிமே கட்டப்போற பிரீமியம், கடைசியில வரும் தொகை. விட்டா: இன்னைக்குக் கையில வரும் சரண்டர் தொகை, அதையும் இனி மிச்சமாகும் பிரீமியத்தையும் வேற இடத்துல போட்டா வரும் தொகை. பெயிட்-அப்பா மாத்தினா என்னன்னு மூணாவது பக்கமும் எழுதலாம். எந்தப் பக்கத்துலயும் 1,50,000 வரக்கூடாது. சில பாலிசியில தொடர்றதே லாபம்னு வரும், சிலதுல விடறது லாபம்னு வரும். எப்படி வந்தாலும் அது கணக்கு சொன்ன பதிலா இருக்கணும், வருத்தம் சொன்ன பதிலா இருக்கக்கூடாது. விடறதா இருந்தா முதல்ல டேர்ம் இன்சூரன்ஸ் கையில இருக்கணும், அதை மறக்காதீங்க.

சேவ் பண்ணி வெச்சுக்க ஒரு பட்டியல்

- கட்டி முடிச்ச ரூம் வாடகையை ஒரு நாள் பயணக் கணக்குல சேர்க்காதீங்க.
- ரிசார்ட்ல இருந்தாலும் ஆகிற செலவைக் கழிங்க.
- வெளியே சுத்தற எண்ணம் இருந்தா சாப்பாட்டு பிளானை புக்கிங் நேரத்துலயே சின்னதா எடுங்க.
- முதல் நாளும் கடைசி நாளும் வேண்டாம், நடு நாளைத் தேர்ந்தெடுங்க.
- வண்டி விலையை மலிவை வெச்சு முடிவு பண்ணாதீங்க, கூட வர்ற பெரியவங்களை வெச்சு முடிவு பண்ணுங்க.
- கார்டு மெஷின்ல அந்த ஊர் கரன்சி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரிசார்ட்.
- உடம்பு சரியில்லைன்னா கட்டின காசைப் பார்க்காம தங்கிடுங்க.

வீட்டுப்பாடம்: அடுத்த லீவுக்கு நீங்க போகப்போற ஊர் எதுவானாலும், ஒரு பேப்பர்ல மூணு வழியையும் எழுதி கூடுதல் செலவு மட்டும் கண்டுபிடிங்க. அதை அப்பா அம்மாகிட்ட காட்டி "எது போகலாம்?"னு கேளுங்க. "நமக்கெதுக்குப்பா செலவு"ன்னு அவங்க சொல்றதுக்குப் பாதிக் காரணம் அந்தப் பொய்யான 37,000-தான்.

உங்க கணக்கை கமென்ட்ல போடுங்க, பார்த்துச் சொல்றேன். அடுத்த பதிவுல சந்திப்போம்.